ஒற்றை ஆளாக லூப் போட்டுப் பாட எந்தக் கருவி வாங்குவது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைத் தனியாளாக லூப் போட்டு, அதாவது பாடியதை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாட வேண்டும், பறையும் கஞ்சிராவும் நன்றாக வாசிப்பாராம், கிடார் கொஞ்சம் தெரியுமாம், கல்லூரி மேடையிலும் ஊர்த் திருவிழாவிலும் செய்ய ஆசையாம். ஐந்து டிராக் (தனித்தனியாக ஓடும் பதிவு) இருக்கும் மேசை லூப்பர் வாங்கவா, லேப்டாப்பும், மிதித்தால் அதற்குக் கட்டளை அனுப்பும் மிடி கால் கன்ட்ரோலரும் வாங்கவா, இல்லை டேப்லெட்டே போதுமா என்பது கேள்வி.

தம்பி, மேசை லூப்பர் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் வீடியோவில் பார்த்தது பெரும்பாலும் பாஸ் ஆர்சி-505 ஆக இருக்கும், 2013இல் வந்தது, 2021இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அருமையான கருவி. ஆனால் அது கையால் இயக்குவதற்காகச் செய்தது. வாயாலேயே தாளம் போடுகிற பீட்பாக்ஸ் கலைஞருக்கு ஒரு கையில் மைக், இன்னொரு கை சும்மாதான் இருக்கும், அந்தக் கைக்காகத்தான் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஐந்து நெம்பும் ஐந்து பட்டனும். நீங்கள் பறை அடிக்கும்போது இரண்டு கையிலும் குச்சி. கஞ்சிரா என்றாலும் ஒரு கை பிடிக்கும், ஒரு கை வாசிக்கும். சுற்று முடிகிற அந்த ஒரு நொடியில் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு பட்டனை அழுத்த முடியுமா? அந்தக் கருவிக்கும் வெளியே கால் சுவிட்ச் செருகலாம்தான், ஆனால் காலால் இயக்கப்போகிறோம் என்று தெரிந்தபிறகு காலுக்கென்றே செய்ததை வாங்குவதே சரி.

எது வாங்கினாலும், அதை எப்படி நிறுத்துவீர்கள் என்று முதலில் யோசியுங்கள். கடையில் கேட்டால் எத்தனை டிராக், எத்தனை மணி நேரம் பதியும், எத்தனை எஃபெக்ட் என்று ஏற்றுவதைப் பற்றியே சொல்வார்கள். பாஸ் ஆர்சி-5 மாதிரி கையகலப் பெடலிலேயே 13 மணி நேரம் பதியலாம். மேடையில் உங்களுக்கு வேண்டியது ஒரு ஆறு விநாடியோ பத்து விநாடியோதான். அடுக்குமேல் அடுக்காக ஏற்றிக்கொண்டே போவது எந்தக் கருவியிலும் நடக்கும். ஏற்றியதை ஒரே மிதியில் இறக்க முடிகிறதா, பாட்டு நடுவில் தாளத்தை மட்டும் எடுத்துவிட்டுக் குரலை விட்டுவைக்க முடிகிறதா, கடைசி அடியில் எல்லாம் ஒன்றாகச் சட்டென்று நிற்கிறதா, இதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

கரைவலை இழுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்திருக்கிறவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடி, அந்த வாங்கலில்தான் இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவர் நிறுத்தினால் கயிறும் நிற்கும், அவர் வேகம் கூட்டினால் கயிறும் கூடும். லூப்பர் உங்களுக்குக் கயிற்றைப் பிடிக்கிற ஆள். திருப்பிச் சொல்ல அதற்குத் தெரியும், எப்போது வாயை மூட வேண்டும் என்று தானாகத் தெரியாது. அதை உங்கள் கால்தான் சொல்ல வேண்டும். அம்பா கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கருவி வாங்கும்போது மட்டும் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே சுவிட்ச் இருக்கும் லூப் பெடலில், பாஸ் ஆர்சி-1ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், முதல் மிதியில் பதிவு தொடங்கும், இரண்டாம் மிதியில் சுற்று மூடும், நிறுத்த வேண்டும் என்றால் அடுத்தடுத்து இரண்டு மிதி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மிதி என்றால் அதற்கு மேலடுக்குப் பதிவு என்று பொருள். ஆகவே நிறுத்துவதற்காக இரண்டு முறை மிதிக்கும்போது, முதல் மிதிக்கும் இரண்டாம் மிதிக்கும் நடுவில் ஒரு கணம் அது பதிய ஆரம்பித்துவிடும், நின்றது சரியாக அடியிலும் நிற்காது, அரை அடி தள்ளி நிற்கும். பறையோடு முடிக்கிற பாட்டில் அந்த அரை அடி எல்லாருக்கும் கேட்கும். தீர்வு எளிது: பெடலின் பக்கத்தில் ஒரு வெளிச் சுவிட்ச் செருகும் துளை இருக்கும், அதில் தனியாக ஒரு கால் சுவிட்ச் வாங்கிப் போட்டால் நிறுத்துவதற்கு ஒரே மிதி. புதிதாக லூப் போடுகிற யாராக இருந்தாலும், இன்னொரு எஃபெக்ட் பெடல் வாங்கும் காசை இந்தச் சுவிட்சில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மிதித்தவுடன் தொட்டு விடுகிற வகை, மிதித்தால் அப்படியே நிற்கிற வகை என்று இரண்டு உண்டு. பாஸ் எஃப்எஸ்-5யு முதல் வகை, எஃப்எஸ்-5எல் இரண்டாம் வகை, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. லூப்பருக்கு பொதுவாக முதல் வகைதான் வேண்டும். துருவத் திசையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மிதிக்காதபோது வேலை செய்து மிதிக்கும்போது நின்றால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மிதியின் வரிசை. பல லூப்பர்களில் இரண்டாவது மிதியில் சுற்று மூடியவுடன் நேராக மேலடுக்குப் பதிவுக்குப் போய்விடும், இன்னொரு மிதி மிதித்தால்தான் வெறும் ஓட்டத்துக்கு வரும். கிடார்காரர்களுக்கு இது வசதி. திறந்த மைக்கோடு பாடுகிறவருக்கு இது ஆபத்து, ஏனென்றால் சுற்றை மூடிய மகிழ்ச்சியில் நீங்கள் மூச்சு வாங்குவது, கூட்டத்தில் ஒருவர் விசில் அடிப்பது எல்லாம் சுற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல கருவிகளில் இந்த வரிசையை மாற்றும் அமைப்பு இருக்கும். பெட்டியைப் பிரித்தவுடன் நான் மாற்றுவது அதைத்தான்: பதிவு, பிறகு ஓட்டம், பிறகுதான் மேலடுக்கு.

மிதித்த உடனே வேலை செய்கிறதா, காலை எடுத்தபிறகு வேலை செய்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள். ஒரே சுவிட்சுக்கு அழுத்திப் பிடித்தால் இன்னொரு வேலை என்று கொடுத்திருந்தால், நீங்கள் தட்டுகிறீர்களா பிடிக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளச் சில கருவிகள் நீங்கள் காலை எடுக்கும்வரை காத்திருக்கும். அப்போது உங்கள் சமம் (தாளத்தின் முதல் அடி) எப்போதும் கொஞ்சம் பின்னாலேயே விழும். பயிற்சி போதவில்லை என்று மாதக்கணக்கில் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும், குற்றம் காலில் இல்லை, அமைப்பில் இருந்தது.

இன்னொன்று, நம் ஊரில் கோயில் மேடை உட்படப் பல இடங்களில் வெறுங்காலோடுதான் ஏறுவோம். சின்ன இரும்புக் குமிழ் மாதிரி இருக்கும் சுவிட்சை வெறுங்காலால் ஒரு மணி நேரம் மிதித்துப் பாருங்கள், கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும், வலி எடுத்தால் காலம் தவறும். பாஸ் பெடல் மாதிரி அகலமான தகடு இருந்தால் பாதம் முழுக்க வைக்கலாம். குமிழ் வகைதான் கிடைக்கிறது என்றால் அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள்.

சரி, தாளம். இராமநாதபுரம் லயத்துக்குப் பேர்போன மண், மிருதங்கம் முருகபூபதி பிறந்த ஊர், ஆகவே இதை நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. லூப்பர் செய்கிறவர்கள் நாலு நாலாக எண்ணுகிறவர்கள். கருவிக்குள் இருக்கும் தாளப்பெட்டியைப் போட்டுக்கொண்டு அதோடு சுற்றை ஒட்டவைத்தால் நீங்கள் அவர்கள் கணக்குக்குள் போய்விடுவீர்கள். தாளப்பெட்டியை அணைத்துவிட்டு, காலால் மூடுவதே சுற்றின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆதி தாளமும் மூடும், மிச்ர சாபும் மூடும், எதுவும் மூடும். ஆனால் ஒரு சிக்கல். ஒரே டிராக் உள்ள லூப்பரில் முதல் சுற்றின் நீளமே எல்லாவற்றுக்கும் நீளம். நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு முழுச் சுற்று, 6 விநாடி. அதன்மேல் அரை அடிக்கு ஒன்று என்று ஏழு எண்ணும் மிச்ர சாபைப் போட்டால் அது 2.625 விநாடிக்கு ஒருமுறை சுற்றும், ஆறு விநாடிக்குள் அடங்காது, பாதியில் வெட்டுப்படும். இரண்டும் ஒன்றுசேர 42 விநாடி ஆகும், அதாவது ஆதி 7 ஆவர்த்தனம், சாபு 16 சுற்று. ஆகவே இந்த விளையாட்டு வேண்டும் என்றால் ஒரே டிராக்கில் முதல் சுற்றையே 7 ஆவர்த்தனம் வாசித்து மூட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு டிராக்கும் தன்தன் நீளத்தில் ஓடவிடுகிற கருவி வேண்டும். இப்படி நீளம் பிரிந்து ஓடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இரண்டு சுருதியை ஒன்று 7 விநாடி, இன்னொன்று 11 விநாடி என்று பதிந்து ஓடவிட்டால் ஒரே சேர்க்கை திரும்ப வர 77 விநாடி ஆகும், அதுவரை அது மாறிக்கொண்டே இருக்கும், இயந்திரம் ஓடுகிறது என்றே காதுக்குத் தோன்றாது.

அம்பாவில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, இதை நீங்கள் சீக்கிரமே உணர்வீர்கள். கரைவலையில் மீன் சேரும் மடி கரையை நெருங்க நெருங்க இழுவை வேகம் எடுக்கும், பாட்டும் எடுக்கும். லூப்பர் முதல் சுற்றின் வேகத்தைப் பிடித்து உறையவைத்துவிடும். வேகத்தைக் கூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு, ஆனால் பதிந்ததை இழுத்தோ சுருக்கியோ ஓட்டும்போது பறையின் அடி மழுங்கிவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை. நான் செய்வது இது: மெதுவான பகுதியில் தாளத்தை லூப் போடுவதே இல்லை. அலைச்சத்தம், கயிறு உராய்கிற மாதிரி கஞ்சிராத் தோலில் விரலால் இழுக்கும் சத்தம், ஒரு சுருதி, இந்த மாதிரி அடி இல்லாத ஒலிகளை மட்டும் சுற்றவிட்டு, அதன்மேல் குரலை என் இஷ்டத்துக்கு விடுவேன். வேகம் எடுக்கும் இடம் வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புதிய வேகத்தில் இரண்டு அடிக்கு ஒரு குட்டிச் சுற்று. அந்த நிறுத்தத்துக்கும் புதிய சுற்றுக்கும் நடுவில் வெறும் குரல் மட்டும் நிற்கிற நாலைந்து விநாடிதான் பாட்டின் உயிரான இடம்.

திறந்த மைக்கில் லூப் போடுகிறவர்களுக்குப் பெரிய எதிரி ஒலிக்கசிவு. முதல் அடுக்கு ஸ்பீக்கரில் வருகிறது, நீங்கள் இரண்டாம் அடுக்கைப் பாடும்போது மைக் உங்கள் குரலோடு ஸ்பீக்கரில் வரும் முதல் அடுக்கையும் சேர்த்துப் பதிகிறது, மூன்றாம் அடுக்கில் அதெல்லாம் இன்னொரு முறை. நாலாவது அடுக்கில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும், பல நேரம் ஊளையிட ஆரம்பிக்கும். கருவி மட்டம் என்று நினைத்து விலை அதிகமானதை வாங்குவார்கள், அதிலும் அதேதான் நடக்கும். மைக்கை உதட்டுக்கு ஒட்டிப் பிடியுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும், ஆகவே ஒரு சாண் தூரத்தை நாலு விரல் தூரமாக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். முடிந்தால் மானிட்டரே வேண்டாம், லூப்பரிலோ மிக்சரிலோ இருக்கும் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இயர்போன் ஒரு காதில் மட்டும், மற்றக் காது கூட்டத்துக்கு. புளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம், அதில் வரும் தாமதத்தில் தாளமே நிற்காது.

பறைக்கு மைக் வைக்காமல் தோல் ஓரத்தில் ஒட்டி அதிர்வை நேராக எடுக்கும் பீசோ பிக்கப் போட்டால் கசிவு இன்னும் குறையும், ஆனால் தொனி கொஞ்சம் அட்டைப்பெட்டித்தனமாக வரும், கீழ்ச்சத்தத்தைக் கூட்டி மேல்ச்சத்தத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். பிறகு தோல். நம் கடற்கரையில் சாயங்காலம் ஈரம் ஏறினால் பறை இறங்கிவிடும், காய்ச்சிக் காய்ச்சித்தான் வாசிக்க வேண்டும், தெரிந்ததுதான். லூப்பரில் பதிந்த பறை இறங்காது. காய்ச்சிய சூட்டில் பதிந்த சுற்று கணீரென்று ஓடிக்கொண்டிருக்க, கையில் இருக்கும் பறை அரைமணி நேரத்தில் தொளதொளத்துப்போய் இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு பாட்டுக்கும் பறைச் சுற்றைப் புதிதாகப் பதியுங்கள், பழையதைச் சேமித்து வைத்து ஓட்டாதீர்கள்.

லேப்டாப், மிடி கன்ட்ரோலர் பற்றிக் கேட்டீர்கள். அது வழி தவறு இல்லை, ஆனால் அது இரண்டாவது வருஷத்துக்கான வழி. ஏபிள்டன் லைவில் லூப்பர் உள்ளேயே இருக்கிறது, சூப்பர்லூப்பர், மோபியஸ் போன்றவை இலவசம், மோபியஸில் எட்டு டிராக் வைத்து ஓட்டலாம், ஐபேடில் லூப்பி ப்ரோ இருக்கிறது. காலுக்கு பெரிங்கர் எஃப்சிபி1010 மாதிரி பத்து சுவிட்சும், மிதிக்கும் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் உள்ள கன்ட்ரோலர் பழையதாகவும் கிடைக்கும். எந்தச் சுவிட்ச் எந்த வேலை செய்ய வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம், நிறுத்துவதற்கு மட்டுமே மூன்று சுவிட்ச் வைக்கலாம், அதுதான் இதில் உண்மையான லாபம். மிடி என்றால் ஒலி போகிறது என்று நினைக்காதீர்கள், அதில் போவது கட்டளை மட்டும்: இந்தச் சுவிட்ச் மிதிக்கப்பட்டது, இந்த நெம்பு 0 முதல் 127க்குள் இந்த இடத்தில் இருக்கிறது என்பது மாதிரி. 1983இல் வந்த ஏற்பாடு, விநாடிக்கு 31,250 பிட் வேகம், ஒரு மிதியின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடிதான். ஆகவே தாமதம் வந்தால் மிடி கம்பியைக் குறை சொல்லாதீர்கள், குற்றம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் ஆடியோ பஃபரில், அதாவது ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்தில், இருக்கும். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிவிநாடி, 1024 என்றால் 21 மில்லிவிநாடி, உள்ளே ஒருமுறை வெளியே ஒருமுறை என்று இரட்டிப்பாகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிவிநாடி ஆகிறது, ஆகவே ஏழெட்டு மில்லிவிநாடி ஒன்றும் செய்யாது. ஆனால் நாற்பது என்றால் பறை அடியில் தெரியும், அதுவும் ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கைக் கேட்டு வாசிக்கும்போது தாமதம் சேர்ந்துகொண்டே போகும். மென்பொருளில் இந்தத் தாமதத்தைக் கழித்துக்கொள்ளும் அமைப்பு இருக்கும், அதை, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை மாட்டி ஒருமுறை அளந்து போட்டுவிடுங்கள். லேப்டாப்பும் தனி லூப்பரும் இரண்டும் வைத்துக்கொண்டால் வேகத்தைச் சொல்லும் மிடி கிளாக்கை அனுப்புவது ஒன்று மட்டும், மற்றது பின்பற்ற வேண்டும். இரண்டும் தானே தலைவன் என்று ஓடினால் மூன்று நிமிடத்தில் பிரிந்துவிடும்.

மென்பொருள் வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு, சின்னப் பெடல்கள் பலவற்றில் இது கிடையாது. பழைய அடுக்கு சுற்றுக்குச் சுற்றுத் தேய்ந்து மறையும் அமைப்பு. 1960களில் டெர்ரி ரைலி, பாலின் ஒலிவெரோஸ் போன்றவர்கள் இரண்டு டேப் ரெக்கார்டரைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரே டேப்பை ஒன்றில் பதிந்து இன்னொன்றில் வாசித்து, வாசித்ததைத் திரும்ப முதலாவதற்கு அனுப்பினார்கள். திரும்ப அனுப்பும் அளவைக் குறைத்தால் பழையது தானாகத் தேயும். இன்றைய மென்பொருளில் அதே வேலையைச் செய்வது ஃபீட்பேக் என்ற நெம்பு. அதை 90 சதவீதம் வைத்தால் பத்துச் சுற்றில் முதல் அடுக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும், 80 வைத்தால் பத்தில் ஒரு பங்கு. இந்த நெம்பை எக்ஸ்பிரஷன் பெடலுக்குக் கொடுத்துவிட்டால் பாட்டு முழுக்க எதையும் அழிக்காமலே பாடிக்கொண்டு போகலாம், புதியது வரும், பழையது கரைந்துபோகும். அலை மாதிரி என்று சொன்னால் மிகை ஆகாது, தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்துதான் நான் இதைப் புரிந்துகொண்டேன். எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கும்போதும் கம்பிச் சேர்க்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் கன்ட்ரோலருக்கு ஒத்துவருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம். கடலோரத் திருவிழாவில் சீரியல் செட்டும் ஸ்பீக்கரும் உங்கள் லூப்பரும் ஒரே லைனில் தொங்கும். ஒரு கிராமத்தில் நடுப்பாட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது, ஒரு நொடிதான், ஆனால் லூப்பர் அணைந்து எழுந்தது, நாலு அடுக்கும் போய்விட்டது. கஞ்சிராவை மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டே பாடினேன், முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் ஏலேலோவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள், மைக்செட்காரர் எல்லாவற்றையும் சரிசெய்யும்வரை பாட்டு ஓடியது. அன்றையிலிருந்து லூப்பருக்குப் பேட்டரி இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெடலாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் பவர் பேங்கிலிருந்து 9 வோல்ட் ஏற்றித் தரும் கம்பி கிடைக்கிறது. பாஸ் வகைப் பெடல்களுக்கு நடுமுனை நெகட்டிவ், இதை மாற்றிச் செருகிவிடாதீர்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதா எலிமினேட்டர் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது அதைவிட நன்றாகவே ஏறி நிற்கும், அதையும் தவிருங்கள்.

ஸ்பீக்கரில் ஹம் என்று ஒரே சுருதியில் இரைச்சல் வந்தால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் வருவது. மைக்செட்காரர் ஒருவேளை எர்த் முள்ளை எடுத்துவிடலாம் என்பார். ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஈர மணலில் வெறுங்காலோடு நின்று இரும்பு மைக்கை உதட்டில் வைக்கிறோம், உயிர் போய்விடும். லூப்பருக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டும் டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள், அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் எர்த்தைத் தொடாமலே இரைச்சல் அடங்கும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி இரைச்சல் அங்கேதான் இருக்கும்.

உப்புக்காற்று பற்றி வெளியூர்க்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். உப்புத் தூசி சும்மா படிந்திருந்தால் ஒன்றும் ஆகாது, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாக நீர் கோத்துக் கரைசலாகிவிடும், அப்போதுதான் ஜாக்கும் சுவிட்சும் அரிக்கும். நம் பக்கம் இரவானால் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். நிகழ்ச்சி முடிந்ததும் கம்பி முனைகளையும் பெடலையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மாதம் ஒருமுறை ஜாக்குகளுக்கு எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். மணலில் வாசிக்கும்போது பெடலை மெல்லிய பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டி அதன்மேல் மிதிக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம், மிக்சரில் குரல் சேனலுக்கு லோ கட் (கீழ்ச்சத்தத்தை வெட்டும் அமைப்பு) போடுங்கள், இல்லையென்றால் காற்றின் புடபுடப்பு அடுக்கடுக்காகச் சுற்றுக்குள் ஏறிவிடும்.

அப்புறம், உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன வாங்குவேன் என்று கேட்டால்: இரண்டு டிராக், மைக் துளை, மூன்று கால் சுவிட்ச் உள்ள பாஸ் ஆர்சி-500 மாதிரி ஒன்று, பழையதாகக் கிடைத்தாலும் சரி. ஒரு டிராக்குக்குத் தாளம், இன்னொன்றுக்குக் குரல், அப்போதுதான் ஒன்றை நிறுத்தி ஒன்றை விட முடியும். மைக் துளை இருப்பது முக்கியம், ஆர்சி-1, ஆர்சி-5, டிட்டோ மாதிரிச் சின்னப் பெடல்களில் கிடார் துளைதான் இருக்கும், மைக்கை நேராகச் செருகினால் ஒலி முனகலாக வரும், நடுவில் ஒரு சின்ன மிக்சரோ ப்ரீஆம்ப்போ தேவைப்படும். அதோடு ஒரு வெளிச் சுவிட்ச், ஒரு டைனமிக் மைக், ஒரு டிஐ பாக்ஸ். ஆறு டிராக், ஒன்பது சுவிட்ச் உள்ள ஆர்சி-600 எல்லாம் ஒரு வருஷம் கழித்து, உண்மையிலேயே இரண்டு டிராக் போதாமல் தவிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

காசு சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். போனில் இலவச லூப்பர் ஒன்றைப் போட்டு, கம்பி இயர்போனோடு தினமும் பத்து நிமிடம் ஒரே ஒரு பயிற்சி: ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் வாயால் சொல்லிச் சுற்றை மூடுங்கள், நாலு ஆவர்த்தனம் ஓடவிட்டு சமத்தில் சரியாக நிறுத்துங்கள், அடுத்த நாலு ஆவர்த்தனம் சத்தமே இல்லாமல் மனதில் எண்ணி, மறுபடி சமத்தில் தொடங்குங்கள். போனைத் தரையில் வைத்து அட்டையோ ரப்பரோ ஒட்டிக் காலால் தொடப் பார்க்காதீர்கள், திரை உடையும், இந்தப் பயிற்சிக்குக் கை போதும். பெடல் வந்தபிறகு அதே பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, இரண்டு கையிலும் பறைக்குச்சியோடு செய்யுங்கள். வாங்கப் போகும்போதும் குச்சியைக் கையோடு எடுத்துப்போங்கள், கடையில் நின்றபடியே அதைப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.